வாய்ப்பாடும் விசாரணையும்

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பெயினின் ஆங்கில இலக்கணப் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். பாடம் படிக்காததற்கு ஆசிரியர் கொடுத்த தண்டனை அது; மூன்று முறை எழுதிவர வேண்டும். இரண்டு முறை எழுதி முடித்தான். மூன்றாவது முறை எழுதும்போது அந்த வேலையின் வெறுமை உறைத்தது. தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்த அண்ணன் கடிந்துகொண்டார். அன்றைக்கே, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிய வேங்கடராமன், செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். ரமண மகரிஷியாக 1950-இல் உடல் நீங்கும்வரை இந்த மலையைவிட்டு எங்கும் போகவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அறிவு வருகிற இடத்தில் இம்போசிஷனுக்கு வேலை இல்லை. மனப்பாடமும் திரும்பத் திரும்ப எழுதுவதும் மந்தமானவர்களுக்கு. புரிந்தவனுக்கு ஒரு கேள்வியே போதும். என்னால் இந்த முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை. நான் கணக்கு டீச்சர். பதினாறாம் வாய்ப்பாடு வரை தினமும் சொல்லவைக்கிறவள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறவள்.

மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பாடப்புத்தகத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கிற வகுப்பும் நடத்துகிறேன். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் புதிர் கிளாஸ். அடிப்படைக் கணக்கு கை தவறாமல் வரும்வரை பழக்குவதற்கு எவ்வளவு நேரம், பாடத்துக்கு வெளியே யோசிக்கவைப்பதற்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வி, நாற்பது நிமிடப் பீரியடுக்குள் நிற்கிற எல்லாக் கணக்கு ஆசிரியருக்கும் உண்டு. பயிற்சி வகுப்புகளில் முதலாவதைக் கற்றல் அடைவு என்பார்கள், இரண்டாவதைச் செறிவூட்டல் என்பார்கள். இரண்டுக்கும் விகிதம் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள்.

எனக்கு இது விகிதக் கணக்காகத் தெரியவில்லை. இந்த மலையடிவாரத்தில் வெகுகாலமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்விதான் இது. மலையைச் சுற்றியுள்ள பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களையும் கும்பிட்டபடி மாதாமாதம் நடந்தால் ஞானம் வருமா, அல்லது ஓரிடத்தில் உட்கார்ந்து 'நான் யார்' என்று கேட்டால்தான் வருமா? பழக்கமா, விசாரணையா?

வெறுங்காலோடு நடக்கிறவர்களை ஏளனமாகப் பார்க்கிற படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விசாரணையைச் சொன்ன ரமணரே கிரிவலம் வந்தவர். 1920-களின் நடுப்பகுதி வரை அடியார்களோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் வருகிறவர்களைச் சுற்றச் சொன்னார். 1927-இல் அடியார் முருகனாரின் வேண்டுகோளுக்காக அவர் எழுதிய 'உபதேச உந்தியார்' முப்பது பாடல்களில் பூசை, ஜபம், தியானம் என்று வரிசை வைத்து, ஒன்றைவிட அடுத்தது உயர்ந்தது என்கிறார். வாய்விட்டுச் சொல்வதைவிட வாய்க்குள் முணுமுணுப்பது மேல், அதைவிட மனத்துக்குள் சொல்வது மேல். உயர்ந்தது எது என்று சொல்கிறாரே தவிர, கீழே இருப்பதை விட்டுவிடு என்று சொல்லவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'நான் யார்?' என்ற சிறுநூலில் இருக்கிறது. சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் 1902 வாக்கில் கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து உருவான நூல் அது. விசாரணை என்பது ஒருமுறை கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு முடித்துவிடும் காரியம் என்று அதில் இல்லை. ஒவ்வோர் எண்ணம் எழும்போதும் இது யாருக்கு எழுந்தது என்று கேட்க வேண்டும். மறுபடி எண்ணம் எழும், மறுபடி கேட்க வேண்டும். அப்படிப் பழகினால்தான் மனம் தன் இடத்தில் நிற்கும் பலம் பெறும் என்கிறார். அதாவது விசாரணைக்கே அப்பியாசம் வேண்டும். பெயினின் இலக்கணத்தை மூன்றாம் முறை எழுத மறுத்தவர், ஒரே கேள்வியை ஆயுளுக்கும் கேட்கச் சொன்னார்.

அப்படியானால் அந்த மூன்றாவது நகலில் என்ன குறை? அதற்குள் கேட்பதற்கு எதுவும் இல்லை என்பதுதான். முதல் நகலில் இல்லாத எதுவும் மூன்றாவதில் வரப்போவதில்லை. திரும்பச் செய்வது குற்றமில்லை. கேள்விக்கு இடம் இல்லாமல் திரும்பச் செய்வதுதான் குற்றம். வகுப்பறையில் நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

சொல்வது சுலபம், நாற்பது நிமிடத்தில் எப்படி என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்பில் நடந்த ஒரு கழித்தல் பாடத்தைச் சொல்கிறேன்.

நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் (1905–1986). கல்லூரிப் பேராசிரியரும் இல்லை, ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவரும் இல்லை. நம்மைப் போல மணி அடித்தால் வகுப்புக்குப் போனவர். அவர் கண்டுபிடித்து, 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்த விஷயம் இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதுங்கள், அதன் கீழே ஏறு வரிசையில் எழுதுங்கள், கழியுங்கள். வந்த விடையை மறுபடி அப்படியே செய்யுங்கள். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். வந்த பிறகு அது நகராது: 7641-இல் 1467 போனால் மறுபடி 6174.

முடிவு என்ன என்பதை நான் வகுப்பில் சொல்லவில்லை. எண்ணைத் தேர்ந்தெடுக்க மட்டும் சொன்னேன். ஒருவன் அவன் அப்பா வண்டி நம்பரை எடுத்தான். ஒரு பெண் மலையின் உயரம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிற 2668 அடியை எடுத்தாள். பேச்சுவாக்கில் ரமணர் ஊருக்கு வந்த வருஷத்தைச் சொல்லியிருந்தேன். 1896-ஐ ஒருவன் பிடித்துக்கொண்டான். அவன் நோட்டில் 8172, 7443, 3996, 6264, 4176, 6174 என்று இறங்கியது. மலை உயரத்தை எடுத்தவளுக்கு 5994, 5355, 1998, 8082 என்று வேறு பாதை. அவளும் ஆறாவது படியில்தான் 6174-க்கு வந்தாள்; ஆனால் நேராக வரவில்லை.

8082-க்கு அடுத்து அவள் 8820-இல் 0288-ஐக் கழிக்க வேண்டும். கடைசியில் பூஜ்யம், கீழே எட்டு. இங்கேதான் எங்கள் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவார்கள்: கடன் வாங்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவார்கள். அவளும் 8668 என்று எழுதிவிட்டாள். தப்பு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் பக்கத்துப் பெஞ்சுப் பையன் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தான்: எந்த விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 அல்லது 27 வருகிறது. எல்லோரும் அவரவர் நோட்டில் கூட்டிப் பார்த்தார்கள். இவளுடைய 8668 மட்டும் 28 காட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழித்தாள், கடன் வாங்கினாள், 8532 என்று எழுதினாள். கூட்டினாள்: 18. "டீச்சர், இப்ப சரி" என்று என்னிடம் சொன்னாள், கேட்கவில்லை, சொன்னாள். அடுத்த கழித்தலில் 6174.

அந்த ஒரு பீரியடில் அந்த வகுப்பு போட்ட கடன் வாங்கும் கழித்தலை நான் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும், பாதிப் பேர் பார்த்து எழுதியிருப்பார்கள். யாரும் தாளைத் தள்ளிவைக்கவில்லை. "எனக்கும் அதே நம்பர்தான் டீச்சர் வருது!" என்று நாலாபக்கமும் சத்தம். உடனே அடுத்த சத்தம்: "ஏன் டீச்சர்?"

எல்லா வழியும் ஒரே மலைக்குத்தான் என்று சொல்லி அங்கேயே முடித்திருக்கலாம். ஊருக்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த 'ஏன்' பிள்ளைகளுடையது. அதை உபதேசமாக்கி மூடிவிடக் கூடாது என்று நினைத்தேன். இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏன் 18, 27 என்றே வருகிறது என்ற பாதிக் கேள்விக்கு அவர்களாலேயே பதில் காண முடியும். இறங்கு வரிசையில் எழுதிய எண்ணின் முதல், கடைசி இலக்கங்களின் வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடுகிறது. 8662-க்கு: எட்டில் இரண்டு போக ஆறு, 999-ஐ ஆறால் பெருக்க 5994, நடுவில் ஆறும் ஆறும், வித்தியாசம் இல்லை. 999, 90 இரண்டும் ஒன்பதின் மடங்கு, ஆகவே விடையும் ஒன்பதின் மடங்கு, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அப்படியே. இதை எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் எழுத்துகளை வைத்து எழுதிக் காட்டலாம். அப்போது, எழுத்தும் எண்ணும் கலந்த கோவைகளைச் சுருக்குவது எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. மற்ற பாதி, ஏன் குறிப்பாக 6174 என்பது, இன்னும் கரும்பலகை ஓரத்தில் எழுதியபடியே இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என் சக ஆசிரியர் ஒருவர், நல்ல கணக்காசிரியர், இதை ஒத்துக்கொள்ளமாட்டார். "மொதல்ல வாய்ப்பாடு ஒழுங்கா சொல்லட்டும் டீச்சர், அப்புறம் புதிரைப் பாக்கலாம்" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒன்பதாம் வாய்ப்பாடு வாயில் இல்லாத பிள்ளைக்கு 18, 27 இரண்டும் வெறும் எண்கள். அவற்றுக்கு நடுவே உறவு தெரியாது. கேள்வி எழுவதற்கே ஒரு சேமிப்பு வேண்டும். நம்முடைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று 320-இல் ஒரு பங்கு வரை பின்னங்களை வாயிலேயே வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் அதைக் கிளிப்பிள்ளைப் படிப்பு என்று ஒதுக்கினார்கள். அந்தச் சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு, அந்த மனப்பாடம் கணக்குப் போடும் திறனோடு பின்னியே இருந்தது என்று காட்டியிருக்கிறார். கணக்கதிகாரம் போன்ற நூல்களில் பூசணிக்காயை வெட்டாமலே விதையை எண்ணச் சொல்கிற கணக்குகள் வந்ததும் அதே உலகத்திலிருந்துதான்.

ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூல், இங்கிலாந்தில் தேர்வுக்குத் தனிப்பயிற்சி கொடுத்த ஓர் ஆசிரியர் எழுதியது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள், நிரூபணங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிக் குறிப்புகளாக அல்லது இல்லாமலே. மற்றவர்களுக்கு அது மனப்பாடப் புத்தகம். அவர் ஒவ்வொரு வரியையும் சிலேட்டில் தானே நிறுவிப் பார்த்தார். புத்தகம் பயிற்சிக்குரியதா, சிந்தனைக்குரியதா என்பதை அதன் அட்டை தீர்மானிக்கவில்லை. சென்னைக் கணக்காசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசன் தன் வாழ்நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியதும் இதைத்தான்: சாதாரணக் கூட்டலிலும் பெருக்கலிலும் ஒழுங்கைத் தேடவைப்பது.

சக ஆசிரியரோடு நான் மாறுபடுகிற இடம் அந்த 'அப்புறம்' தான். அந்த 'அப்புறம்' பல பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. 1968-இல் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய திட்டத்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. நேரமும் உதவியும் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பாடத்தில் தேர முடியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த வழியில் நடக்கும் வகுப்புகளில், சிறுதேர்வில் தேறிய பிள்ளைகளுக்குச் செறிவூட்டல், தேறாதவர்களுக்குத் திருத்தப் பயிற்சி என்று பிரித்துவிடுகிறார்கள். ஆகவே தடுமாறுகிற பிள்ளை வருஷம் முழுக்கத் திருத்தத்திலேயே இருக்கும். கணக்கில் அழகு உண்டு என்பது அதற்குத் தெரியாமலே எட்டாம் வகுப்பு முடிந்துவிடும். 8668 எழுதிய பெண்ணுக்குத்தான் 6174 தேவைப்பட்டது. முன்பே கடன் வாங்கத் தெரிந்தவனுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது தன் தவறைத் தானே பிடிக்கும் கண்.

இங்கே ஒரு மதக் கேள்வி குறுக்கே வருகிறது, அதைத் தவிர்க்க முடியாது. பக்குவம். ஆதீனம் ஒன்றின் சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்தவள் நான். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களைப் பாடமாகப் படித்தவள். தாயுமானவர் இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்று பார்க்கிறார். பலரும் இதைப் படிக்கட்டாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: கோயிலைக் கூட்டிப் பெருக்குவது கீழ்ப்படி, அங்கே தேறியவனுக்குத்தான் அடுத்தது. அப்படியானால் அப்பர் எங்கே நிற்பார்? உழவாரப் படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர். சரியைக்கு அவரையே அடையாளமாகச் சொல்கிறது மரபு. கிரியைக்குச் சம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மாணிக்கவாசகர். நால்வரையும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில்தான் கோயில்களில் நிறுத்தியிருக்கிறோம். புல் செதுக்கியவர் அரும்பு என்று சொல்ல எந்தச் சைவனுக்கும் துணிவு வராது. கையால் செய்த தொண்டும் அவர் பாடிய தத்துவமும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் நடந்தன.

இன்னொன்றும் சித்தாந்தம் தெளிவாகச் சொல்கிறது. உயிரை மறைக்கும் மலம் பரிபாகம் அடைந்ததை, அதாவது பக்குவப்பட்டதை, அறிபவன் இறைவன். அவனே குருவாக வருகிறான். இருபது மதிப்பெண் வகுப்புத் தேர்வு வைக்கிற எனக்கு அந்த அறிவு இல்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று நான் சொன்னால், இறைவனுடைய இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

நம் ஊர்களில் பக்குவம் என்ற சொல்லுக்கு வேறு சரித்திரமும் இருக்கிறது. 2023 ஜனவரி 30 அன்று எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் மாவட்ட நிர்வாகமும் போலீஸும் துணை நிற்கப் போய்க் கும்பிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நின்றவர்கள். அவர்களுடைய பக்தி எதில் குறைந்திருந்தது? தகுதி, அதிகாரம், பக்குவம் என்ற பெயர்களில் யாரையாவது வெளியே நிறுத்தும்போது, உள்ளே இருக்கிறவர்கள் தங்களுக்கு வசதியான தேர்வைத்தான் வைக்கிறார்கள். என் புதிர் வகுப்பின் வாசலில் அப்படி ஒரு தேர்வை வைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் வாய்ப்பாடு, பிறகு கேள்வி என்ற விதியைப் போட்டுவிட்டு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளைகள்தான் இருப்பார்கள்.

தேர்வுகள் இருக்கின்றன, அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000. மனத்திறனில் 90 கேள்வி, 90 நிமிடம், படிப்பறிவிலும் அப்படியே. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். பௌர்ணமி ராத்திரியில் கிரிவலப் பாதையில் பழம் விற்கிற அம்மா ஒருவர், மறுநாள் தூக்கம் வழியும் கண்ணோடு பள்ளிக்கு வந்து, "டீச்சரம்மா, இவ அந்தப் பரீட்சையில தேறிடுவாளா?" என்று கேட்டால், கணக்கின் அழகைப் பற்றி நான் அவரிடம் பேச முடியாது. கை வேகம் வேண்டும், அதற்குப் பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். போடுகிறோம். ஆனால் ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு கணக்கை எடுத்து, அதற்கு மட்டும் நிமிடக் கணக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இந்த வழி ஏன் வேலை செய்கிறது? வேறு வழி உண்டா? எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் தினமும் கேட்கிறோம். கேட்பதும் பழகித்தான் வருகிறது. ஜூன் மாதம் "தெரியல டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுகிற பிள்ளை தை மாதத்துக்குள் தானாகவே எண்ணை மாற்றிப் பார்க்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

என்னைப் போல நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் சிறப்பு வகுப்புக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பட்டியல் போடாதீர்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளையையும் 6174-ஐத் தேடும் பெஞ்சில் உட்காரவையுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் வீட்டுக்கோ டியூஷனுக்கோ தள்ளிவிடாமல் நீங்களே செய்யுங்கள்.